மைதான ஓரத்தையும் பார்த்த ஹரி குரோ பக்

புங்குடுதீவுப் பிள்ளைகளுக்கு வலைப்பந்தும் கரப்பந்தும் கிளித்தட்டைப் போலவே சொந்த விளையாட்டுகள். இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும் தை, மாசி மாதங்களில் படிப்பைக் கூட மறந்து மைதானத்தில் நின்றவர்கள் நாம். தேகாப்பியாசம் என்பது பாடசாலை நேரசூசியில் இடம்பெற்று, அதற்கெனப் பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் எமது பக்கத்துக்கு வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு மனிதரின் நீண்ட உழைப்பும் இருக்கிறது. எமது பாடசாலையின் நூற்றாண்டு மலரில் அவரை நினைவுகூர விரும்புகிறோம்.

ஹரி குரோ பக் 1884 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் இருந்த வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி கற்றார். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 இல் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியது அங்கேதான். அங்கு பயின்ற வில்லியம் மோர்கன் 1895 இல் கரப்பந்தாட்டத்தை ஆரம்பித்தார். கூடைப்பந்து இங்கிலாந்துக்குச் சென்று, அங்கு பெண்களின் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றில் மாற்றம் பெற்று, நாம் ஆடிய வலைப்பந்தாக வளர்ந்தது.

பக் 1919 இல் மனைவி மேரியுடன் சென்னைக்கு வந்தார். அக்காலத்துப் பாடசாலைகளில் தேகாப்பியாசம் என்றால் பெரும்பாலும் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர் நடத்தும் அணிவகுப்புத்தான். கட்டளைக்குக் கை தூக்கி, கட்டளைக்குக் கை இறக்கும் அந்தப் பாடத்தில் விளையாட்டுக்கோ மகிழ்ச்சிக்கோ இடம் குறைவு. இந்த நிலையை மாற்றுவதற்கு முதலில் ஆசிரியர்கள் வேண்டும் என்று கண்டு, 1920 இல் சென்னை எஸ்பிளனேட் வை.எம்.சி.ஏ. கட்டடத்தில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்பில் இருந்தவர்கள் ஐந்தே பேர். இந்தியாவில் உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றிய முதற் கல்லூரி அது.

ஆரம்ப ஆண்டுகளில் சிறந்த வீரர்களைத் தேடி எடுப்பதிலும் அவர் பெரும் அக்கறை காட்டினார். 1924 இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்குப் பொறுப்பாக இருந்தவரும் அவரே. அந்த அணிக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வைத்தியர்களான எமக்கு அதில் ஒரு பெயர் மறக்க முடியாதது. தடை தாண்டி ஓடிய கண்ணூர் லக்ஷ்மணன், பின்னாளில் மருத்துவராகி இந்தியாவின் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகமாக உயர்ந்தவர்.

பதக்கம் வெல்லும் சிலரைத் தயாரிப்பதோடு ஒரு பயிற்றுநரின் கடமை முடிந்துவிடாது என்பது பக் பின்னர் செய்த பணிகளில் தெரிகிறது. விளையாட்டு விதிகளை நூலாக்கினார். 1929 இல் வியாயாம் என்ற உடற்கல்விச் சஞ்சிகையைத் தொடங்கினார். விலை கொடுத்து வாங்கும் உபகரணம் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு மேல்நாட்டு விளையாட்டு மட்டும் போதாது என்பதனால், சடுகுடு போன்ற உள்ளூர் விளையாட்டுகளுக்கும் உள்ளூர்ப் பயிற்சிகளுக்கும் தமது பாடத்திட்டத்தில் இடம் கொடுத்தார். தசைப் பலத்தோடு நின்றுவிடாமல் மனம், பழக்கம், கூடி வாழும் பண்பு ஆகியவற்றையும் சேர்த்தே அவர் ஆரோக்கியத்தைக் கணக்கெடுத்தார். நன்றாக ஓடும் பிள்ளையை மட்டுமல்ல, மைதான ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையையும் கவனிப்பவரே நல்ல ஆசிரியர் என்பது இந்தக் கல்வியின் உட்பொருள்.

கல்லூரி பின்னர் சைதாப்பேட்டைக்கு அருகே அடையாற்றங்கரைக்கு இடம் மாறியது. இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. இலங்கையிலிருந்தும் பலர் அங்கு சென்று பயின்று வந்து எமது பாடசாலைகளில் கற்பித்தார்கள்.

ஒன்றை மட்டும் பெண்களாகிய நாம் சொல்லாமல் விடமுடியாது. அக்கல்லூரியின் கதவு பெண்களுக்குத் திறந்தது 1940 இல்தான். எல்லோருக்கும் உரிய ஆரோக்கியம் எமது பக்கம் திரும்ப இருபது ஆண்டுகள் எடுத்தன. திறந்த மூன்று ஆண்டுகளில், 1943 இல், அறுபது வயது நிறையும் முன்னரே பக் காலமானார்.

அவரது கதை எமக்கு ஏன் வேண்டும்? எமது தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் உடற்பயிற்சி வேறாகத் தேவைப்படவில்லை. உவர்நீர்க் கிணறுகள் நிறைந்த தீவில் நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடந்த நடை, நெல் குற்றியது, வடலி ஓலை சுமந்தது எல்லாம் அவர்களின் எலும்பையும் இதயத்தையும் காத்தன. அவர்கள் பட்ட கஷ்டத்தை நாம் புகழவில்லை. ஆனால் 1991 இடப்பெயர்வுக்குப் பின் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் குடியேறிய எமது வாழ்வில் அந்த அசைவு போய்விட்டது. சோறும் கறியும் மட்டும் அப்படியே வந்தன. தெற்காசியருக்கு மற்றவர்களை விட இளவயதிலேயே, அவ்வளவு பருமன் இல்லாதபோதும் நீரிழிவு வருகிறது. மாதவிடாய் நின்ற பின் எலும்பு வேகமாகத் தேய்கிறது.

கிளினிக்கில் எம்முன் அமரும் ஐம்பது வயதுப் பெண்களில் பலர், பாடசாலையில் தமக்கு விளையாட்டு வராது என்று சிறு வயதிலேயே முடிவு செய்தவர்கள். ஓட்டத்தில் கடைசியாக வந்ததால் அப்படி எண்ணியவர்கள். வென்றவளுக்குக் கிண்ணம் கொடுத்தோம். வேப்பமர நிழலில் இருந்தவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து அவளிடம் நடக்கச் சொல்வது, கற்றுக்கொடுக்காத பாடத்தில் பரீட்சை வைப்பது போன்றது.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது கிழமைக்கு 150 நிமிட மிதமான அசைவும், இரண்டு நாள் தசைக்குப் பயிற்சியும்தான். வேகமாக நடப்பதும் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து அமர்வதும் இதில் அடங்கும். உங்கள் ஊர்களில் சங்கக் கிளைகள் கூடும்போது, விருந்துக்கு முன் அரை மணி நேரம் சேர்ந்து நடவுங்கள். ஊரில் இன்று படிக்கும் பிள்ளைகளுக்குப் பரிசுக் கிண்ணம் அனுப்பும் சகோதரிகள், கூடவே ஒவ்வொரு வகுப்புக்கும் போதுமான பந்துகளும் அனுப்புங்கள். அணிக்குத் தெரிவாகாத பிள்ளையின் கைக்கும் ஒரு பந்து எட்டட்டும்.