இடம் விட்டு எழுதிய பேராசிரியர்

உயர்நிலைப் பள்ளியில் இரசாயனம் படித்தவர் எவரும் அந்தப் படத்தை மறந்திருக்க முடியாது. பரிசோதனைச் சாலையின் சுவரில், கரும்பலகைக்கு அருகே, கட்டம் கட்டமாக எழுதிய பெரிய அட்டவணை ஒன்று தொங்கும். இடப்பக்க மூலையில் ஹைட்ரஜன்; வலப்பக்க மூலையில் ஹீலியம்; இடையே வாயில் நுழையாத பெயர்கள் பல. தேர்வுக்கு முந்திய இரவில் முதல் இருபது தனிமங்களையும் மந்திரம் போல் உருப்போடுவோம். எலெக்ட்ரான்களை இரண்டு, எட்டு, எட்டு என்று வட்டங்களில் அடுக்கிப் பார்ப்போம். தேர்வு முடிந்ததும் மறந்தும் போவோம். இக்கட்டங்கள் ஏன் இப்படி அமைந்தன, அமைத்தவர் யார் என்று கேட்பவர் நம்மில் சிலரே.

அமைத்தவர், மாணவர்களுக்குப் பாட நூல் எழுதப் புகுந்த ஓர் ஆசிரியர். எந்தத் தனிமத்திற்குப் பின் எதைச் சொல்வது என்று அவர் பட்ட தடுமாற்றத்தில் பிறந்ததே அந்த அட்டவணை. தெரியாத இடத்தைத் தெரியாதென்று ஒப்புக்கொண்டு காலியாக விட்ட துணிவே அதற்கு உயிர் கொடுத்தது. அவர்தாம் ருஷ்ய நாட்டு மேதை டிமிட்ரி மெண்டலீவ்.

மெண்டலீவ் சைபீரியாவின் டொபோல்ஸ்க் நகரில் 1834ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் பிறந்தார். பெரிய குடும்பம்; இவர் கடைக்குட்டி. தந்தை இவான் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் தலைவர். மகன் பிறந்த ஆண்டிலேயே அவருக்குக் கண் பார்வை போயிற்று; அதனோடு வேலையும் போயிற்று. குடும்பச் சுமை முழுவதும் தாய் மரியாவின் தோளில் விழுந்தது. அவ்வம்மையார் தளர்ந்துவிடவில்லை. அருகிலிருந்த சிற்றூரில் தம் பிறந்த வீட்டாருக்குச் சொந்தமாயிருந்த கண்ணாடித் தொழிற்சாலையைத் தாமே ஏற்று நடத்தி, பிள்ளைகளைக் காப்பாற்றினார். மணல் உருகிக் கண்ணாடியாகும் உலைக்களத்தின் அருகே சிறுவன் டிமிட்ரி வளர்ந்தான்.

1847இல் தந்தை இறந்தார். மறு ஆண்டு தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. வேறொருத்தியாயிருந்தால் விதியை நொந்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். மரியாவோ கடைசி மகனின் படிப்பு ஒன்றையே எண்ணினார். 1849இல் அவன் பள்ளிப் படிப்பை முடித்ததும், அவனையும் ஒரு மகளையும் அழைத்துக்கொண்டு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மாஸ்கோவுக்குப் புறப்பட்டார். சைபீரியாவுக்கு இரயில் பாதை இல்லாத காலம் அது. மாஸ்கோ பல்கலைக் கழகம் இடம் தர மறுத்தது. சைபீரிய மாணவன் அங்கே சேர விதி இடம் தரவில்லை. தாய் மனம் சோராமல் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குச் சென்றார். கணவர் படித்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 1850இல் மகனுக்கு இடம் கிடைத்தது. வந்த காரியம் முடிந்தது போலும்! அவ்வாண்டிலேயே அவ்வம்மையார் கண் மூடினார். பல ஆண்டுகள் கழித்து, 1887இல், கரைசல்களைப் பற்றித் தாம் எழுதிய பெரிய நூலை மெண்டலீவ் அந்தத் தாயின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

சொந்த ஊரை விட்டு நெடுந்தூரம் வந்து படிக்கும் நமக்கு அந்த மாணவனின் தனிமை ஓரளவு விளங்கும். உடல்நலம் குன்றிய நிலையிலும் 1855இல் தங்கப் பதக்கத்தோடு தேறினார். உடல் தேற வேண்டித் தெற்கே சென்று சிம்பெரோபோலிலும் ஒடெஸ்ஸாவிலும் பள்ளி ஆசிரியராயிருந்தார். 1859 முதல் 1861 வரை ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஆராய்ச்சி செய்தார்.

அப்போது, 1860 செப்டம்பரில், கார்ல்ஸ்ரூ நகரில் இரசாயன அறிஞர்களின் மாநாடு கூடிற்று. அந்நாளில் அணு எடை என்பதில் பெருங் குழப்பம். ஒரே தனிமத்திற்கு ஒருவர் ஓர் எண் சொல்ல, மற்றொருவர் அதில் பாதியைச் சொல்வார். இத்தாலியரான கன்னிஸாரோ அணு எடைகளைச் சீராகக் கணிக்கும் வழியை அம்மாநாட்டில் வற்புறுத்தினார். இருபத்தாறு வயது இளைஞராக அங்கிருந்த மெண்டலீவின் மனத்தில் அது ஆழப் பதிந்தது. அளவுகோல் சரியான பின்னரே அடுக்குவது இயலும் அன்றோ?

1867இல் அவர் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக் கழகத்தில் இரசாயனப் பேராசிரியரானார். மாணவர்க்கு ஏற்ற நல்ல நூல் ருஷ்ய மொழியில் இல்லாமையால், தாமே ‘இரசாயனத்தின் அடிப்படைகள்’ என்ற நூலை எழுதலானார். அந்நாளில் அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63. முதற் பகுதி எழுதி முடிந்தபோது எட்டுத் தனிமங்களின் வரலாறே அடங்கியிருந்தது. மிஞ்சிய 55 தனிமங்களையும் இரண்டாம் பகுதிக்குள் எப்படி அடக்குவது? தனித்தனியாகச் சொல்லிக்கொண்டே போனால் நூலும் முடியாது. மாணவன் தலையிலும் ஏறாது. ஏதேனும் ஒழுங்கு வேண்டும்.

முதற் பகுதியின் இறுதியில் குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை வந்தன. அடுத்துப் பொட்டாசியம் முதலிய கார உலோகங்களைச் சொல்ல வேண்டும். இரண்டு குடும்பங்களும் குணத்தில் எதிர் எதிரானவை. ஆனால் அணு எடையைப் பாருங்கள். குளோரின் 35.5, பொட்டாசியம் 39. புரோமின் 80, ருபீடியம் 85. அயோடின் 127, சீசியம் 133. ஒவ்வோர் இணையிலும் வேறுபாடு சிறிதே. எடை ஏறிக்கொண்டே போகும்போது குணம் மாறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சட்டென்று திரும்பி, மறுபடியும் பழைய குணமே தலைகாட்டுகிறது. கிழமைகள் ஏழும் முடிந்து மீண்டும் ஞாயிறு வருவது போன்றது இது. இவ்வாறு மீண்டும் மீண்டும் வருவதையே ஆவர்த்தனம் என்கிறோம்.

1869 மார்ச் 1ஆம் நாள், பழைய ருஷ்யப் பஞ்சாங்கப்படி பிப்ரவரி 17, இந்த ஒழுங்கை அவர் அட்டவணையாக எழுதி முடித்தார். பாலாடைக்கட்டிப் பண்ணைகளைப் பார்வையிட அழைத்து அன்று அவருக்கு வந்திருந்த ஒரு கடிதத்தின் பின்புறத்தில் அவர் கிறுக்கிய கணக்குகள் இன்றும் உள்ளன. கனவில் அட்டவணை தோன்றியது என்று ஒரு கதை வழங்குகிறது. அடித்தும் திருத்தியும் எழுதிய அவருடைய கைப்பிரதியைக் கண்டவர்க்கு அது தூக்கத்தில் வந்த செல்வமாகத் தோன்றாது. சில நாட்களுக்குப் பின் ருஷ்ய இரசாயனக் கழகத்தில் அவருக்குப் பதிலாக நண்பர் மென்ஷுட்கின் இதனை எடுத்துரைத்தார்.

தனிமங்களை அடுக்க முயன்றவர் இவர் ஒருவரே என்று எண்ண வேண்டா. ஜெர்மானியர் டோபரைனர் மும்மூன்றாகச் சேர்த்தார். ஆங்கிலேயர் நியூலண்ட்ஸ் எட்டாவது தோறும் ஒப்புமை கண்டு, சங்கீத சுரங்களோடு ஒப்பிட்டு, ஏளனத்திற்கு ஆளானார். ஜெர்மானியர் லோதர் மேயர் ஏறத்தாழ இதே ஒழுங்கைக் கண்டார். 1882இல் இலண்டன் ராயல் சங்கம் டேவி பதக்கத்தை மேயருக்கும் மெண்டலீவுக்கும் சேர்த்தே வழங்கியது. அப்படியானால் மெண்டலீவின் சிறப்பு எங்கே?

ஒழுங்கின் மீது அவர் வைத்த நம்பிக்கையில் இருக்கிறது. பெரிலியத்தின் அணு எடை 14 என்று பலர் நம்பினர். அந்த எடைக்கு அட்டவணையில் இடமில்லை. லித்தியத்திற்கும் போரானுக்கும் நடுவே ஓர் இடம் இருந்தது. எனவே எடை 9 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று திருத்தினார். யுரேனியத்தின் எடையை 120இலிருந்து 240 ஆக்கினார். இரண்டிலும் அவர் பக்கமே உண்மை நின்றது.

இதனினும் பெரிய துணிவு காலியிடங்கள். அலுமினியத்தின் கீழே வர வேண்டிய தனிமம் இல்லை. கிடைத்ததைக் கொண்டு அந்தக் கட்டத்தை அவர் அடைத்துவிடவில்லை. இங்கே ஒன்று இருக்கிறது, இன்னும் யாரும் காணவில்லை என்று இடம் விட்டார். இட்ட பெயர் நம் நாட்டவர்க்கு மகிழ்ச்சி தருவது. ஒன்று என்னும் பொருளுள்ள ‘ஏக’ என்ற வடசொல்லை முன்னே சேர்த்து, ஏக அலுமினியம், ஏக போரான், ஏக சிலிக்கன் என்று அழைத்தார். 1871இல் அம்மூன்றின் எடை, அடர்த்தி, சேர்மங்கள் அனைத்தையும் எழுதியும் வைத்தார். பிறவாத பிள்ளைக்கு ஜாதகம் கணித்தது போல் உலகம் இதைப் பார்த்தது.

நான்கே ஆண்டுகளில், 1875இல், பிரெஞ்சு அறிஞர் லெகோக் தெ புவாபோத்ரான் கேலியம் என்ற புதிய உலோகத்தைக் கண்டார். அதன் அடர்த்தி 4.7 என அளந்தார். அந்த உலோகத்தைக் கண்ணாலும் காணாத மெண்டலீவ், இதுவே தமது ஏக அலுமினியம் என்றும், அடர்த்தி 5.9க்குக் குறையக் கூடாதென்றும் எழுதினார். கண்டுபிடித்தவர் தம் மாதிரியைத் தூய்மை செய்து மீண்டும் அளந்தார், 5.9 வந்தது! 1879இல் ஸ்வீடனின் நில்சன் கண்ட ஸ்காண்டியம், ஏக போரானின் இடத்தில் அமர்ந்தது. 1886இல் ஜெர்மனியின் விங்க்லர் கண்ட ஜெர்மானியம், ஏக சிலிக்கனாயிற்று. அதன் எடை 72 என்றும், அதன் குளோரைடு 100 பாகைக்குக் கீழே கொதிக்கும் திரவம் என்றும் சொல்லியிருந்தார். எடை 72க்குச் சற்று மேலாகவும், கொதிநிலை 86 ஆகவும் அமைந்தன.

உலகப் புகழ் வந்த பின்னும் அவர் மாணவர்களின் ஆசிரியராகவே இருந்தார். 1890இல் பீட்டர்ஸ்பர்க் மாணவர்களிடையே கிளர்ச்சி எழுந்தது. மாணவர்கள் தங்கள் கோரிக்கைகளை எழுதி அவரிடம் தந்தனர். பேராசிரியர் அம்மனுவைத் தாமே கல்வி மந்திரி டெல்யானோவிடம் கொண்டு சென்றார். அரசுப் பணியிலிருப்பவர் இத்தகைய மனுவைத் தொடலாகாது என்று காரணங் காட்டி, அது திருப்பியனுப்பப்பட்டது. மெண்டலீவ் பதவியைத் துறந்தார். இருபத்து மூன்று ஆண்டுகள் பேராசிரியராக நின்று பேசிய மேடையை, மாணவர் தந்த ஒரு தாளுக்காக விட்டு இறங்கினார். 1893 முதல் எடை அளவைகளின் நிலையத்திற்குத் தலைவராக இருந்தார். 1906இல் அவருக்கு நோபல் பரிசு வரும் போலிருந்து தவறிப் போயிற்று. 1907 பிப்ரவரி 2ஆம் நாள் காலமானார்.

அவர் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. அட்டவணையில் இடம் விட்ட அவர், தம் கருத்தில் சிலவற்றுக்கு எளிதில் இடம் விடவில்லை. 1894இல் ஆர்கான் வெளிப்பட்டபோது அதைத் தனிமமென்று ஏற்கத் தயங்கி, பின்னரே ஒப்பினார். 1897இல் எலெக்ட்ரான் வந்தபோது, அணுவைப் பிளக்கலாம் என்ற பேச்சே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் அவருடைய அட்டவணைக்குக் காரணம் சொன்னது அந்த எலெக்ட்ரானேதான்.

டெல்லூரியத்தின் எடை 128, அயோடினின் எடை 127. எடைப்படி வைத்தால் அயோடின் முன்னே வர வேண்டும். குணத்தை நோக்கி மெண்டலீவ் டெல்லூரியத்தை முன்னே வைத்து, எடையை அளந்தவர் தவறினார் என்றார். எடை சரியாகவே இருந்தது. அவர் வைத்த இடமும் சரியாகவே இருந்தது. ரதர்போர்டு 1911இல் அணுவின் நடுவே கருவைக் காட்டினார். 1913இல் மோஸ்லி என்ற இளைஞர் எக்ஸ் கதிர்களை ஆராய்ந்து, தனிமத்தின் இடத்தை முடிவு செய்வது எடை அன்று, கருவிலுள்ள மின்னேற்றமே என்று நாட்டினார். அதுவே அணு எண். டெல்லூரியம் 52, அயோடின் 53. சிக்கல் தீர்ந்தது. அடுத்த ஈராண்டில் கலிப்போலிப் போர்க்களத்தில் அந்த மோஸ்லி தம் இருபத்தேழாம் வயதில் மாண்டார். போர் மற்றும் இரசாயனத்திற்குச் செய்த கொடுமை அது. குளோரினுக்கு வெளிவட்டத்தில் ஏழு எலெக்ட்ரான், பொட்டாசியத்திற்கு ஒன்று. அதனால்தான் குணம் சட்டென்று திரும்புகிறது. நாம் உருப்போட்ட இரண்டு, எட்டு, எட்டு என்ற வாய்பாட்டின் பொருள் இதுதான்.

63 தனிமங்களோடு தொடங்கிய அட்டவணை இன்று 118இல் நிற்கிறது. 1955இல் அமெரிக்காவில் உண்டாக்கப்பட்ட 101ஆம் தனிமத்திற்கு மெண்டலீவியம் என்று பெயரிட்டனர். பல்கலைக் கழகம் ஒன்று நுழையவிடாத சைபீரியச் சிறுவனின் பெயர், உலகத்துப் பள்ளிச் சுவர்களிலெல்லாம் இன்று ஏறியிருக்கிறது.

நண்பர்களே, தெரியாத கேள்விக்கு எதையாவது எழுதித் தாளை நிரப்பிவிடும் வழக்கம் நமக்கு உண்டு. மெண்டலீவின் அட்டவணையில் நிரப்பிய கட்டங்களைப் போலவே காலிக் கட்டங்களும் அறிவுதான். எது தெரியாது என்பதைத் தெளிவாக அறிந்து அதற்கு இடம் விடுபவனே, அங்கே என்ன வரும் என்று தேடத் தொடங்குகிறான். அடுத்த முறை அந்தப் படத்தின் முன் நிற்கும்போது, உருப்போடுவதைச் சற்று நிறுத்தி, அதை இடம் விட்டு எழுதிய ஆசிரியரை நினைத்துக்கொள்வோம்.