வெண்ணிற ஆடையும் வெண்கலக் குரலும்

ஔவை என்னும் பெயரைக் கேட்ட அளவில் தமிழர் மனக்கண்ணில் ஓர் உருவம் எழுகின்றது. நரைத்த கூந்தல், நெற்றி நிறைந்த திருநீறு, கையில் ஊன்றுகோல், கேட்பவரை நிமிரச் செய்யும் கணீரென்ற குரல். இவ்வுருவம் சங்கப் பாடல்கள் தந்ததன்று. 1953இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தால் நிலைபெற்றது. அதற்குத் தம் மெய்யையும் குரலையும் ஈந்தவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். கவிஞர் கூடும் நம் அவையில் அவர் வாழ்வை நினைப்பது வெறும் கலையுலகச் செய்தியன்று. தமிழில் பெண்ணின் குரல் எந்நிபந்தனையின் பேரில் செவிமடுக்கப்பட்டது என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

காவிரிக் கரையில், மகுடேசுவரர் கோயில் கொண்டுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் பிறந்தார். குடும்பம் வறியது. குழந்தைகளை வளர்க்கும் சுமை முழுதும் அன்னை பாலாம்பாள் மீதே விழுந்தது. அவர் பெயரின் முதலெழுத்துக்களுள் ஒன்று ஊரைக் குறிக்கும். மற்றொன்று தந்தையை அன்று, தாயைக் குறிக்கும். தொடர்வண்டியில் பாடிய அச்சிறுமியின் குரல் வளத்தைக் கேட்டு வியந்த நாடக ஆர்வலர் எப்.ஜி. நடேச ஐயர் அவரை நாடக உலகிற்கு ஆற்றுப்படுத்தினார் என்பர். வேலு நாயர் நாடகக் குழுவில் சிறுவர் வேடங்களில் தொடங்கிய பயணம், சில ஆண்டுகளில் நாயகி வேடத்திற்கு உயர்ந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் சிதையாமல் சேர வேண்டும். அவ்வாறு பாடிப் பாடியே அவர் குரல் உரம் பெற்றது. உச்சத்தில் நின்றபோதும் தமிழ்ச் சொல் தேயாத உச்சரிப்பு வாய்த்தது.

1926இல் நாடகம் நடத்த இலங்கைக்குச் சென்றபோது, செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் மேடையில் இணையும் வாய்ப்பு அமைந்தது. வள்ளி திருமணம் நாடகத்தில் கிட்டப்பா வேடனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் தோன்றிப் பாட்டுக்குப் பாட்டு விடையிறுத்த அழகைக் காண மக்கள் திரண்டனர். 1927இல் இருவரும் வாழ்விலும் இணைந்தனர். ஆயின் கிட்டப்பா முன்னரே மணமானவர். அன்பும் பிணக்கும் மாறி மாறி வந்த இல்வாழ்வு அது. பிறந்த மகவும் நிலைக்கவில்லை. இருவரும் பிரிந்திருந்த காலத்திலேயே, 1933 டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தேழே வயதில் கிட்டப்பா மறைந்தார்.

அப்போது அம்மையாருக்கு வயது இருபத்தைந்து. அன்று முதல் வெண்ணிறக் கதராடை, திருநீறு, துளசி மாலை என்று தம் கோலத்தை மாற்றிக்கொண்டார். எந்த நடிகருக்கும் காதலியாக இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். கைம்மை என்பது பெண்ணை வீட்டின் மூலையில் ஒடுக்கும் வழக்கமாக இருந்த காலம். அதே வெள்ளாடையை அணிந்துகொண்டு ஆயிரக்கணக்கானோர் முன் மேடையேறியவர் அவர். ஒடுக்குவதற்கென்று ஏற்பட்ட கோலத்தையே ஊரறிய உலவுவதற்கான உரிமையாக மாற்றிக்கொண்டார். இவ்வுரிமைக்கு அவர் தந்த விலை வள்ளியின் இளமை என்பதையும் மறத்தலாகாது.

மீண்டும் கலையுலகில் அவரை ஈர்க்க முயன்றோர் பலர். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்திற்கு ஓர் இலட்சம் ரூபாய் கேட்டார். மறுத்துவிடுவர் என்று எண்ணியே அத்தொகையைச் சொன்னார் என்பர். அவர்களோ இசைந்தனர். இந்தியத் திரையுலகில் அந்நாளில் எவரும் எண்ணிப்பாராத ஊதியம் அது. மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடிக்க, அம்மையார் ஆணுருவில் நந்தனாராகத் தோன்றினார். சத்தியமூர்த்தியின் ஊக்கத்தால் அவர் குரல் விடுதலை இயக்கத்திற்கும் பயன்பட்டது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு மேடைகள்தோறும் பாடினார். எழுத்தறியாத மக்களுக்கு அப்பாடலே செய்தித்தாளாயிற்று. 1950களில் சென்னைச் சட்டமேலவை உறுப்பினரானபோது, இந்தியத் திரைக்கலைஞருள் சட்டமன்றம் புகுந்த முன்னோடிகளுள் ஒருவரானார்.

அவர் ஏற்ற வேடங்களை நிரல்பட நிறுத்தினால் அது தமிழிலக்கிய வரலாற்றின் ஓர் இயலாகவே அமைகின்றது. 1940இல் மணிமேகலை, 1953இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த ஔவையார், 1964இல் மு. கருணாநிதியின் திரைக்கதையில் உருவான 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1965இல் 'திருவிளையாடல்', 1967இல் 'கந்தன் கருணை' ஆகியவற்றில் மீண்டும் ஔவை. 1973இல் காரைக்கால் அம்மையார். இவர்கள் அனைவரும் இல்லறத்தைத் துறந்தோர் அல்லது கடந்தோர் என்பது நோக்கத்தக்கது. காரைக்கால் அம்மையாரின் கதை இளமை அழகை வேண்டாமென்று பேயுருக் கொண்டவரின் கதை. அப்படத்தில் இளமைப் பருவத்தை நடிகை லட்சுமி ஏற்க, இளமை துறந்த பருவமே சுந்தராம்பாளுக்கு உரியதாயிற்று.

சங்க ஔவையோ வேறு. ஐம்பத்தொன்பது பாடல்கள் அவர் பெயரில் உள்ளன. அதியமானோடு கள்ளுண்டு மகிழ்ந்தவர். தொண்டைமானிடம் தூது சென்றவர். காதல் நோயை ஊரறிய உரக்கப் பாடியவர். பிற்காலத்து நீதிநூல் ஔவையும் அவரும் வெவ்வேறு காலத்தவர். பெயர் ஒன்றாக இருந்ததால் கதைகள் கலந்தன. கலந்தபின் எஞ்சியது முதுமை ஒன்றே. பெண் உலகியல் பேச வேண்டுமெனில் முதலில் அவள் இளமையை இழக்க வேண்டும் என்னும் விதியைக் கதையில் ஔவைக்கும், வாழ்வில் சுந்தராம்பாளுக்கும் இச்சமுதாயம் ஒருசேர விதித்தது. 'ஔவையார்' வெளிவந்த ஆண்டில் அம்மையாருக்கு வயது நாற்பத்தைந்தே.

'துணைவன்' படப் பாடலுக்காக 1969ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருது அவரை நாடி வந்தது. 1970இல் பத்மஸ்ரீ பட்டம் வழங்கப்பெற்றது. 1980இல் அவர் இயற்கை எய்தினார்.

சிறுபாணாற்றுப்படை புகழும் எயிற்பட்டினம் நம் மரக்காணப் பகுதியே என்பது ஆய்வாளர் பலர் துணிபு. பாணரும் பாடினியும் யாழோடு நடந்ததாக அந்நூல் காட்டும் நெய்தல் வழி இது. இதே கடற்கரையில் தெற்கே சென்றால் பூம்புகாரும் அதற்கப்பால் காரைக்காலும் வரும். கடல்நீர் பாத்தியில் வற்றி, வெண்மையாய் உப்பு விளைவதை நாள்தோறும் காண்பவர் நாம். உப்பின் வெண்மையைப் போற்றும்போது வெயிலில் நின்று வாருபவரின் வெந்த கால்களையும் நினைக்கிறோம். அவ்வாறே சுந்தராம்பாளின் வெண்ணிறத் தூய்மையைப் போற்றும் நாம், அதற்காக வற்றிப்போன இளமையையும் எண்ணுதல் வேண்டும். இனி ஔவையைப் பாடும் கவிஞர், அவர் கையில் கோலைத் தருமுன் அவர்க்குரிய இளமையையும் திருப்பித் தருவாராக. வள்ளியாகப் பாடிய அக்குரலுக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே.