மெழுகுவத்திச் சுடரில் சிறுநீரக நோயைக் கண்ட மருத்துவர்

பலதுறை மருந்தகங்களில் நீரிழிவு நோயாளிகளிடம் ஆண்டுதோறும் சிறுநீர் மாதிரி கேட்கப்படுகிறது. சிறுநீரில் ‘அல்புமின்’ என்ற புரதம் கசிகிறதா என்று பார்ப்பதே முக்கிய நோக்கம். இச்சோதனையின் வேர், ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குமுன் லண்டனில் பணியாற்றிய மருத்துவர் ரிச்சர்ட் பிரைட்டிடம் இருக்கிறது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வசதியான வணிகக் குடும்பம் ஒன்றில் 1789 செப்டம்பர் 28ஆம் தேதி பிறந்தார் பிரைட். எடின்பரோவில் மருத்துவம் பயின்றபோது, 1810ல் ஐஸ்லாந்து ஆய்வுப் பயணம் ஒன்றில் சேர்ந்துகொண்டார். பின்னர் ஹங்கேரியைச் சுற்றிவந்து, 1818ல் பயண நூல் வெளியிட்டார். எதையும் கூர்ந்து பார்த்து வரைந்துவைக்கும் பழக்கம் அவருக்கு மருத்துவத்திலும் கைகொடுத்தது.

1820ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் துணை மருத்துவராகச் சேர்ந்தார். முகமும் கால்களும் நீர்கோத்து வீங்கிய நோயாளிகள் பலர் அங்கு வந்தனர். வீக்கத்துக்குக் காரணம் என்ன என்பதில் அன்று தெளிவில்லை. பிரைட் அவர்களின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் சூடாக்கினார். பலரது சிறுநீர், முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது ஆவதுபோல வெண்மையாக உறைந்தது. அந்நோயாளிகள் இறந்தபின் உடலைப் பரிசோதித்தபோது, சிறுநீரகங்கள் சிதைந்திருந்தன.

சிறுநீர் இப்படி உறைவதை அவருக்கு முன்பே சிலர் கண்டிருந்தனர். ஆனால், வீக்கம், புரதக் கசிவு, சிறுநீரகச் சிதைவு மூன்றும் ஒரே நோயின் அடையாளங்கள் என்று 1827ல் வெளியிட்ட நூலில் நிறுவியவர் பிரைட். அந்நோய்க்கு நெடுங்காலம் அவர் பெயரே வழங்கியது. 1842ல் சிறுநீரக நோயாளிகளுக்கென்றே 42 படுக்கைகளையும் ஓர் ஆய்வுக்கூடத்தையும் ஒதுக்கி ஆறு மாதம் ஆராய்ந்தார்.

நோயைக் கண்டறிய முடிந்த அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. ரத்தம் வடிப்பது, பேதி மருந்து கொடுப்பது போன்றவையே அன்றைய சிகிச்சை. 1858 டிசம்பர் 16ஆம் தேதி இதய நோயால் பிரைட் காலமானார்.

கரண்டியின் இடத்தை இன்று ஆய்வுக்கூடக் கருவி பிடித்துள்ளது. கண்ணுக்குத் தெரியாத அளவு அல்புமினையும் அது காட்டிவிடும். அந்த அளவோடு வயது, பாலினம், ரத்தச் சோதனையில் தெரியும் சிறுநீரகச் செயல்திறன் ஆகியவற்றைச் சேர்த்து, அடுத்த இரண்டு அல்லது ஐந்து ஆண்டுகளில் சிறுநீரகம் செயலிழக்கும் அபாயத்தை மருத்துவர்கள் கணிக்கின்றனர். ‘கிம்-1’ போன்ற வேறு சிறுநீர்ப் புரதங்களும் ஆராயப்படுகின்றன. ஆயினும் அல்புமினே முதன்மைக் குறியீடாக நீடிக்கிறது.

சிங்கப்பூரில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம் நீரிழிவு. சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் நீரிழிவு அதிகம். தேக்காவில் கடை நடத்துபவரோ ஈசூனில் ஓய்வுபெற்று வாழ்பவரோ, வலி இல்லை, வீக்கம் இல்லை என்பதற்காகச் சோதனையைத் தள்ளிப்போட்டால் அல்புமின் கசிவது தெரியாமலே போகலாம். சிறுநீரகம் பெரும்பகுதி பழுதாகும்வரை பலருக்கு அறிகுறி எதுவும் தோன்றுவதில்லை.

பிரைட்டைத் தேடி வந்தவர்கள் உடல் வீங்கியபின் வந்தவர்கள். இன்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கசிவைக் கண்டுபிடிக்கலாம். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தி, சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரைகளை உட்கொண்டால் ரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் நாளைத் தள்ளிப்போடலாம். பலர் அதைத் தவிர்க்கவும் முடியும். பிரைட்டின் நோயாளிகளுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.