சர் சி. வி. இராமனும் புகலிடம் தேடிய அறிஞரும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் சந்திரசேகர வேங்கட இராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். தாயார் பார்வதி அம்மையார். இளமையிலேயே கூர்த்த மதியினராய் விளங்கிய இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1904இல் இளங்கலைப் பட்டமும், 1907இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். மேல்நாடு சென்று கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. மெலிந்த அவருடலை ஆராய்ந்த மருத்துவர், இங்கிலாந்தின் குளிரை அது தாங்காது என்று தடுத்துவிட்டார். ஆகவே அவர் நிதித்துறைத் தேர்வெழுதி முதல்வராகத் தேறிக் கல்கத்தாவில் அரசாங்க அலுவலில் அமர்ந்தார்.

பகலெல்லாம் கணக்கேடுகளும், காலையிலும் மாலையிலும் ஆய்வுக் கருவிகளுமாக அவர் காலம் கழிந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் பெரியார் 1876இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அவருக்கு இடமளித்தது. 1917இல், பாதியளவே ஊதியம் தரும் பேராசிரியர் பதவிக்காக அரசாங்க வேலையைத் துறந்தார். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அவர் கண்டறிந்த ஒளிச்சிதறல் உண்மை ‘இராமன் விளைவு’ எனப் பெயர் பெற்றது. 1930இல் நோபெல் பரிசு அவரை நாடி வந்தது. இவை யாவரும் அறிந்த செய்திகள். அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்று அவர்தம் வாழ்வில் உண்டு.

1933ஆம் ஆண்டில் இராமன் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். ஜாம்ஷெட்ஜி தாதாவின் கொடையாலும், மைசூர் அரசு அளித்த நிலத்தாலும் 1909இல் தோன்றிய அக்கழகத்திற்கு இந்தியர் ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதன்முறை. அதே ஆண்டில் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றினான். ஏப்ரல் 7ஆம் நாள் அவன் அரசு இயற்றிய சட்டம் ஒன்று, யூத குலத்தாரையும் தனக்கு மாறான கருத்துடையாரையும் அரசாங்கப் பணிகளினின்று விலக்கியது. பல்கலைக்கழகப் பேராசிரியரும் அந்நாட்டில் அரசாங்கப் பணியாளரே. ஆதலின், உலகம் போற்றிய அறிஞர் பலர் ஒரே வேனிற்காலத்தில் வேலையிழந்து வீதிக்கு வந்தனர்.

நாட்டை விட்டு ஓடுவது எளிது. வேறொரு நாட்டுள் முறைப்படி நுழைவதே அரிது. முதல் உலகப் போருக்குப் பின் நாடற்றவரான ருஷ்யர்க்கு, நார்வே நாட்டு நான்சன் என்பாரின் முயற்சியால் 1922இல் தனிக் கடவுச்சீட்டு ஒன்று ஏற்பட்டது. எனினும், அச்சீட்டு வழி காட்டியதேயன்றிச் சோறிடவில்லை. 1933இலோ உலகெங்கும் வாணிகம் குன்றி வேலையில்லாத் திண்டாட்டம் மலிந்திருந்தது. வந்தேறுவோர் தம் மக்களின் பிழைப்பைப் பறிப்பரோ என்று ஒவ்வொரு நாடும் கதவைச் சாத்தியது. பிற்காலத்தில் இந்தியாவுக்கு வர விரும்பிய யூத அகதிகளிடமும், வேலையுறுதி உண்டா, பொறுப்பேற்பார் உளரா என்றே ஆங்கில அரசு வினவிற்று. ஆகவே, அகதி ஒருவர்க்கு ஒரு வேலைக் கடிதம் என்பது வெறும் ஊதியமன்று. அதுவே வாயில், அதுவே திறவுகோல். இதனை உணர்ந்த ஆங்கில அறிஞர் 1933இல் லண்டனில் ஓர் உதவி மன்றம் நிறுவினர். ரூதர்போர்டு பெருமகனார் அதன் தலைவராயிருந்து, பொருள் திரட்டி, பல்கலைக்கழகங்களில் தற்காலிகப் பணியிடங்களை உண்டாக்க உதவினார்.

அவர்கள் நினையாத திசையொன்றை இராமன் நினைத்தார். ஐரோப்பா துரத்தும் அறிஞரை இந்தியா ஏன் ஏற்றல் கூடாது? இளைஞர்க்குப் புதுப் பௌதிகத்தை முதல்நிலை ஆசிரியரிடமே பயிலும் வாய்ப்பு, வந்தவர்க்கோ வாழ்வு. இருதலையும் பயன் விளையும் இவ்வெண்ணம் இரக்கத்தினின்று மட்டும் பிறந்ததன்று. தம் கழகத்தை உலகத்தின் முன்வரிசையில் நிறுத்த வேண்டுமென்னும் வேட்கையும் அதில் இருந்தது. அதனால் அதற்குக் குறைவொன்றும் இல்லை.

அவர் தேர்ந்தவர் மாக்ஸ் பார்ன். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரைக் குவாண்டம் கொள்கையின் தலைநகராக்கியவர் அவர். ஹைசன்பர்க் அவரிடம் துணையாசிரியராக இருந்தவர். ஓப்பன்ஹைமர் அவரிடம் டாக்டர் பட்டத்திற்குப் பயின்றவர். 1933ஆம் ஆண்டு ஏப்ரலில் பதவியிழந்த பார்ன், கேம்பிரிட்ஜில் தற்காலிகமாகத் தங்கியிருந்தார். இராமன் அழைக்கவே, 1935ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் மனைவியாருடன் பெங்களூர் வந்தார். சுமார் 6 திங்கள் அவர் கழகத்தில் விரிவுரை நிகழ்த்தினார். இளைஞர் ஆய்வுகளைக் கண்டு வழி காட்டினார். பெங்களூரின் காலநிலையும் மைசூர் நாட்டின் அமைதியும் அவ்விருவரையும் கவர்ந்தன. கழகத்தில் நிலையான பேராசிரியர் பதவி ஒன்றை அவருக்கென உண்டாக்க இராமன் முனைந்தார்.

அதன்பொருட்டுப் பேராசிரியர் கூடிய கூட்டத்தில், பார்னும் அமர்ந்திருக்கவே, இராமன் அவர் பெருமையை விரித்துரைத்தார். அவ்வமயம் இங்கிலாந்தினின்று புதிதாக வந்திருந்த மின்னியல் பேராசிரியர் ஒருவர் எழுந்தார். சொந்த நாட்டினின்று விரட்டப்பட்ட இரண்டாந்தர அயலார் ஒருவர் இக்கழகத்திற்கு வேண்டாம் என்னும் பொருள்பட அவர் பேசினார். பார்ன் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. வீடு திரும்பி மனைவியார் முன் கண்ணீர் விட்டார். பாரி மாய்ந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று நின்ற காட்சி தமிழ் கற்றவர் நெஞ்சில் இங்கே எழாமற் போகாது. சான்றோர் ஒருவர் பரிந்து பேசியும் கதவு திறவாத அவைகள் பழங்காலத்தில் மட்டும் இருந்தனவல்ல.

பதவி அமையவில்லை. 1936ஆம் ஆண்டு வேனிலில் பார்ன் இங்கிலாந்து திரும்பினார். மாஸ்கோவுக்குப் போய்விடலாமா என்றுகூட எண்ணினார். நற்பேறாக, அவ்வாண்டே எடின்பரோப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றது.

இராமனுக்கும் அது நல்ல காலமாக இல்லை. பௌதிகத்திற்கு மிகுதியாகச் செலவிடுகிறார், பிற துறைகளைப் புறக்கணிக்கிறார், எவரையும் கலந்து பேசுவதில்லை என்னும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றுள் உண்மையே இல்லை என்று கூற இயலாது. இராமன் விரைந்து செய்பவர்; தணிந்து பேச அறியாதவர். பல ஆண்டுகளாக அமைதியில் ஊறியிருந்த நிறுவனத்தை ஒரு நாளில் எழுப்ப முயன்றார். சர் ஜேம்ஸ் இர்வின் தலைமையில் 1936இல் அமைந்த ஆய்வுக்குழு அவர்க்கு மாறாகவே எழுதிற்று. 1937இல் இராமன் இயக்குநர் பதவியைத் துறக்க நேர்ந்தது. பௌதிகப் பேராசிரியராக மட்டும் 1948 வரை அங்கே நீடித்தார். பார்னுக்காக வாதாடியது ஒன்றே அவர் வீழ்ச்சிக்குக் காரணமென்பது மிகை. ஆயினும், அவ்வாதாட்டம் அவர்தம் பகைவரைப் பெருக்கியது.

பார்னின் வருகை முற்றிலும் வீணாயிற்றோ எனின், இல்லை. மைசூரில் இருந்த நாளில் அவர் திவான் சர் மிர்சா இஸ்மாயிலுடன் பழகியிருந்தார். பார்னின் தமக்கை தங்கையருள் ஒருவர்க்கு மகன் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர். கட்டடக் கலை கற்றவர். 1933இல் தாமும் வேலையிழந்து எகிப்து சென்றவர். திவானோடு பார்ன் கொண்ட அத்தொடர்பின் பயனாக, 1939இல் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் பதவி அவ்விளைஞருக்குக் கிட்டியது. மாமனுக்கு இடமளியாத விஞ்ஞானக் கழகத்திற்கே மருமகன் கட்டடங்கள் வகுத்துத் தந்தார். விமானவியல் ஆய்வுக்கூடமும் உலோகவியல் கட்டடமும் அவர் கைவண்ணமே.

1947இல் நாடு பிரிந்தது. பஞ்சாபினின்றும் சிந்தினின்றும் எல்லைப்புற மாகாணத்தினின்றும் அகதிகள் இலட்சக்கணக்கில் வந்தனர். அவர்களுக்கு வீடமைக்கும் பொறுப்பில், 1948 முதல் 1951 வரை இந்திய அரசின் வீட்டுவசதி இயக்குநராக அமர்ந்தவர் அதே கோனிக்ஸ்பெர்கர். அக்காலத்தில் எழுந்த புதிய நகரங்களுள் பரீதாபாது ஒன்று. இலவச உணவு வழங்கும் முகாமில் சோம்பியிருத்தலை அங்குள்ளோர் விரும்பவில்லை. வணிகரும் உழவருமாயிருந்தவர்கள் தொழில் பழகித் தாமே மண் சுமந்து, செங்கல் அடுக்கித் தம் வீடுகளை எழுப்பினர். பின்னர்த் தொழிற்சாலைகள் அங்கே பெருகின. அகதியாய் வந்த ஒருவர், அகதிகளுக்கு ஊர் வகுக்கும் பணியில் பங்கு கொண்டார் என்பது எண்ணியெண்ணி வியத்தற்குரியது.

இராமனுக்கும் பார்னுக்கும் இடையே பின்னர் நட்பு நிலைக்கவில்லை. படிகங்களுள் அணுக்கள் அதிரும் முறைபற்றி இருவரும் கடுமையாக மாறுபட்டனர். விஞ்ஞான உலகம் பார்ன் பக்கமே தீர்ப்பளித்தது. இராமனோ தம் கருத்தைக் கைவிடவில்லை. 1954ஆம் ஆண்டில் இராமனுக்குப் பாரத ரத்தினம் என்னும் விருதும், பார்னுக்கு நோபெல் பரிசும் கிடைத்தன.

பெங்களூரில் 1948இல் தம் பெயரால் தாமே தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில் இராமன் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். ஜெர்மனிக்குத் திரும்பியிருந்த பார்ன், 1970ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் கோட்டிங்கனில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இராமனும் மறைந்தார். அவர் உடல் அந்நிலையத்தின் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் மண்டபம் ஏதும் எழுப்பவில்லை. ஒரு மரம் நட்டனர்.