விபுலாநந்தர்

சுவாமி விபுலாநந்தர் (மார்ச் 27, 1892 - ஜூலை 19, 1947) இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் பிறந்த தமிழறிஞர், இசை மற்றும் நாடக ஆய்வாளர், அறிவியல் ஆசிரியர், இராமகிருஷ்ண மடத்துத் துறவி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர். வழக்கொழிந்துபோன பண்டைத் தமிழரின் யாழ்களைப் பழைய உரைகளையும் கணித முறையையும் துணையாகக் கொண்டு ஆராய்ந்து இவர் எழுதிய யாழ் நூல், தமிழிசை வரலாற்றில் முதன்மையான ஆய்வுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

இன்றைய அம்பாறை மாவட்டத்தில் கல்முனைக்கு அருகிலுள்ள காரைதீவு என்னும் ஊரில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிறந்தார். இவரது இளமைப் பெயர் மயில்வாகனன். கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்று, 1908 இல் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். சில காலம் ஆசிரியராக இருந்தபின், 1911 இல் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார்.

1916 ஆம் ஆண்டில் இருவேறு தகுதிகளைப் பெற்றார். ஒன்று கொழும்பில் பெற்ற விஞ்ஞான டிப்ளோமா. மற்றொன்று மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம். ஆங்கில வழியில் அறிவியலும் மரபு வழியில் தமிழும் வெவ்வேறு கூட்டத்தாரிடம் இருந்த அக்காலத்தில், இவ்விரண்டும் ஒருவரிடம் சேர்ந்தமை அரிது. இவரது பிற்கால ஆய்வுகளுக்கு இதுவே அடிப்படையாயிற்று. 1917 இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

துறவு வாழ்க்கை

1922 இல் அதிபர் பதவியைத் துறந்து, சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். அங்கு பிரபோத சைதன்யர் என்ற பெயர் பெற்று, மடத்தின் இதழ்களான இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகியவற்றின் ஆசிரியப் பணியைக் கவனித்தார். 1924 இல் சுவாமி சிவானந்தரிடம் துறவுபெற்று விபுலாநந்தர் ஆனார். பின்னர் இலங்கை திரும்பி இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நடத்தினார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1939 முதல் 1941 வரை இமயமலையின் மாயாவதி ஆசிரமத்திலிருந்து வெளிவந்த பிரபுத்த பாரதம் என்ற ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தார்.

நாடக ஆய்வு

மதுரைத் தமிழ்ச் சங்கம் 1926 இல் இவரது மதங்க சூளாமணியை வெளியிட்டது. இது மூன்று இயல்களைக் கொண்டது. உறுப்பியல், மறைந்துபோன தமிழ் நாடக நூல்கள் பற்றிப் பழைய உரைகளில் எஞ்சியுள்ள செய்திகளைத் தொகுத்து ஆராய்கிறது. எடுத்துக்காட்டியல் சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களை விளக்குகிறது. ஒழிபியல் தனஞ்சயரின் வடமொழி நூலாகிய தசரூபகத்தைத் தழுவியது.

பல்கலைக்கழகப் பணியும் கலைச்சொல்லாக்கமும்

அண்ணாமலை அரசரின் அழைப்பின்பேரில் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். 1933 இல் அப்பதவியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டுகளில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல்லாக்கப் பணியில் ஈடுபட்டார். 1936 இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். இம்முயற்சியின் பயனாக அறிவியல் துறைகளுக்கான கலைச்சொற்கள் என்ற தொகுப்பு 1938 இல் வெளிவந்தது. 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார்.

யாழ் நூல்

மெசொப்பொத்தேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளில் பழைய யாழ்களின் பகுதிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. தமிழகத்தின் பழைய யாழ்களோ அவ்வாறு கிடைக்கவில்லை. விபுலாநந்தரிடம் இருந்த முதன்மைச் சான்று, சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் அமைதி கூறும் 25 அடிகளும் அவற்றுக்கான பழைய உரைகளுமே. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்ததும் விபுலாநந்தர் பிறந்ததும் ஒரே ஆண்டில், 1892 இல் ஆகும்.

பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 நரம்புகள் என உரை கூறுகிறது. ஆனால் நரம்புகளின் நீளத்தை அது அளவிட்டுத் தரவில்லை. இங்கேயே இவரது பௌதிகக் கல்வி பயன்பட்டது. ஒரே தன்மையும் இழுவிசையும் உடைய நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரட்டிப்பாகி, அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரு பங்காக்கினால், குரல் என்ற முதல் நரம்புக்கு ஐந்தாவதாகிய இளி பிறக்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் நான்காவதாகிய உழை பிறக்கும். இத்தகைய விகிதங்களைக் கொண்டு அலகுகளையும் பாலைகளையும் பண்களையும் கணித்து ஆராய்ந்தார். யாழ் என்பது வீணையின் வேறு பெயரன்று என்பதையும் நூல் தெளிவுபடுத்தியது. வீணையில் ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டுகளில் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம்; யாழிலோ ஒவ்வொரு சுரத்துக்கும் தனி நரம்பு வேண்டும்.

பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களைக் கொண்ட இந்நூல் ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பின் பயன். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 ஜூன் 5, 6 ஆம் நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அவரது ஆய்வின்படி அமைக்கப்பட்ட முளரியாழ், சுருதிவீணை முதலிய கருவிகள் அவைக்குக் கொண்டுவரப்பட்டன. நூலின் முடிவுகள் சிலவற்றில் பிற்கால இசையறிஞர்கள் மாறுபட்டுள்ளனர். எனினும் ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரத்தைப் (1917) போலவே, தமிழிசையை ஆராய்வோர் இந்நூலையும் கடந்து செல்ல இயலாது.

மறைவு

உடல்நலம் குன்றியிருந்த விபுலாநந்தர், அரங்கேற்றம் முடிந்து ஏறத்தாழ ஆறு வாரங்களில், ஜூலை 19, 1947 அன்று கொழும்பில் காலமானார். அவரது உடல் மட்டக்களப்பு சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவனம் அவரது பெயரைத் தாங்கி, இசை, நடனம், நாடகம் முதலிய துறைகளைக் கற்பித்து வருகிறது.