கில்யெர்மோ கொன்ஸாலெஸ் கமரேனா

மெக்ஸிகோ தேசத்திலே டெலிவிஷன் வேரூன்ற உழைத்தோருள் கமரேனா முதன்மையானவர். இவர் 1917-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 17-ந் தேதி குவாதலஹாரா நகரிற் பிறந்தார். இளமையிலேயே தலைநகர் சேர்ந்து பொறியியல் பயின்றார். பதினேழாம் வயதில், பழம்பொருட் கடைகளிற் பொறுக்கிய உறுப்புக்களைக்கொண்டே காமிரா ஒன்று சமைத்தார்.

அக்காலத்துப் படங்களோ கருமையும் வெண்மையுமே. அவற்றிற்கு வர்ணமூட்ட, ஏற்கெனவே உள்ள கருவியிற் பொருத்தத்தக்க ஓர் இணைப்பை இவர் அமைத்தார். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறத் தகடுகள் பதித்த சக்கரமொன்று காமிராவின் முன் சுழலும். அதனோடு ஒத்து மற்றொன்று பார்ப்போர் பெட்டியின் முன் சுழலும். ஒவ்வொரு நிறப் படமும் அடுத்தடுத்து விரைந்து வர, கண் அவற்றை ஒன்றாகக் கலந்துகொள்ளும். வர்ண டெலிவிஷனை இவரே முதலிற் கண்டார் என்பது மிகை. ஸ்காத்லாந்து தேசத்தவரான பேர்ட் 1928-லேயே அதனைக் காட்டினார். எனினும், இருபத்துமூன்று வயதில், 1940-ல், தம் நாட்டிலும், 1942-ல் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் இவர் காப்புரிமை பெற்றது சிறிய செயலன்று. சோதனைச் செலவுக்குத் தாம் இயற்றிய பாடல்களின் வருவாயும் உதவிற்று.

1952 மே 10-ந் தேதி இவரது ஐந்தாம் எண் நிலையம் ஒளிபரப்பத் தொடங்கியது. அதன் குறியெழுத்துக்கள் எக்ஸ்.எச்.ஜி.ஸி. என்பன. ஸ்பானிய மொழியாளர் தந்தைவழிப் பெயரும் தாய்வழிப் பெயரும் சேர்த்து வழங்குவர். இவருடைய அவ்விரு பெயர்களின் முதலெழுத்துக்களே ஜி.ஸி. 1955-ல் அந்நிலையம் போட்டி நிலையங்கள் இரண்டனோடு ஒரே ஸ்தாபனமாயிற்று.

வர்ணத்திற்கோ இவர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. 1963 பிப்ரவரி 8-ந் தேதியே அது மெக்ஸிகோ மக்களின் இல்லங்களை எட்டியது. அன்று ஒளிபரப்பியது சிறுவர் நிகழ்ச்சி. ஆடம்பரக் காட்சியொன்றைத் தேர்ந்தெடுக்காமை இவர் உள்ளத்தை நன்கு காட்டும்.

1965 ஏப்ரல் 18-ந் தேதி, வெராக்ரூஸ் மாகாணத்தில் ஒளிபரப்புக் கருவியொன்றைப் பார்வையிட்டுத் திரும்புகையில், மோட்டார் விபத்தில் உயிர்நீத்தார். அப்பொழுது வயது 48.