பிரித்துப் பூட்டிய கைகள்! ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கைக் கதை

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெருஞ்சாலையில், பெரம்பலூர் வருவதற்கு முன்னால் வாலிகண்டபுரம் என்ற ஊர் இருக்கிறது. வாலி வழிபட்ட இடம் என்று சொல்லப்படும் வாலீசுவரர் கோவில் அந்த ஊரில் உள்ளது. ஊரைத் தொட்டுக்கொண்டு இரவும் பகலும் வண்டிகள் பறக்கின்றன. பஸ், லாரி, கார் என்று எத்தனையோ!

ஓடுகிற வண்டியை எல்லோரும் பார்க்கிறார்கள். ஓடாத வண்டியை யார் பார்க்கிறார்கள்?

இப்படிப்பட்ட பெருஞ்சாலைகளின் ஓரத்தில் பழைய இரும்புக் கடைகள் உண்டு. அங்கே சில சமயம் ஒரு பழைய கார் கிடக்கும். அது ஜெர்மனியில் பிறந்த காராகக்கூட இருக்கும். வாங்கிய அன்று அதற்கு மாலை போட்டிருப்பார்கள். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள். இன்றோ கதவில் துரு. இருக்கையில் புல். எடை போட்டு உடைக்க வேண்டியதுதான் என்று கடைக்காரர் முடிவு செய்திருப்பார்.

அந்தக் காரை ஓட வைக்க முடியுமா?

முடியும். ஆனால், அதற்குப் பணத்தைவிட முக்கியமான ஒன்று வேண்டும். இயந்திரத்தைக் கண்டு பயப்படாத மனம் வேண்டும். அந்த மனத்தோடு பிறந்தவர் ஒரு தமிழ்நாட்டு விவசாயியின் மகன். அவர்தான் ஜி. டி. நாயுடு.

கலங்கல் கிராமத்துப் பிள்ளை

கோயமுத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு சிற்றூர். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அவர் பிறந்தார். தந்தையின் பெயர் கோபால்சாமி. மகனுக்கு இட்ட பெயர் துரைசாமி.

குழந்தைப் பருவத்திலேயே தாய் இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. ஆரம்பப் படிப்போடு நின்றுவிட்டது. பிறகு வயல்வேலைதான். ஏர், கமலை, மாட்டு வண்டி. அவர் கண்ட இயந்திரங்கள் அவ்வளவே.

ஆனால் அந்தக் காலத்தில், கடல்களுக்கு அப்பால், உலகம் வேறு விதமாகச் சுழலத் தொடங்கியிருந்தது.

கொண்டை ஊசியால் ஓடிய கார்

நாயுடு பிறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்புதான் கார் பிறந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ், மூன்று சக்கரமுள்ள ஒரு மோட்டார் வண்டியைச் செய்து, 1886-ம் ஆண்டு ஜனவரியில் அதற்கு உரிமை கோரி மனு செய்தார். ஆனால் அதை வாங்குவதற்கு ஆள் இல்லை. குதிரை இல்லாமல் ஓடும் வண்டியை மக்கள் நம்பவில்லை.

கார்லின் மனைவி பெர்த்தா ஒரு காரியம் செய்தார். 1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு அந்த வண்டியில் புறப்பட்டுவிட்டார். மன்ஹைம் நகரத்திலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகரத்தில் இருந்த தாய் வீட்டுக்குப் பயணம். தூரம் நூறு கிலோமீட்டருக்கு மேல்!

வழியில் எரிபொருள் தீர்ந்தது. மருந்துக் கடை ஒன்றில், கறை போக்குவதற்கு விற்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து அடைப்பை நீக்கினார். பிரேக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். ஊர் போய்ச் சேர்ந்தார்.

கார் பிறந்த இரண்டே ஆண்டுகளில், வழியில் நின்ற காரைப் பழுது பார்க்கும் தொழிலும் பிறந்துவிட்டது. அதைத் தொடங்கி வைத்தவர் ஒரு பெண்!

மண்ணெண்ணெய் கேட்ட துரை

இருபதாம் நூற்றாண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் ஆயின. கலங்கல் பக்கமாக ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் வண்டி அது. வழியில் நின்றுவிட்டது. அதிகாரி மண்ணெண்ணெய் கேட்டார். அங்கிருந்த துரைசாமி ஓடிப்போய் வாங்கி வந்து கொடுத்தார். அதிகாரி பாகங்களைக் கழற்றினார், துடைத்தார், பூட்டினார், உதைத்தார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. நாயுடுவைப் பற்றி ஊரில் வழங்கி வரும் கதை இது.

அன்றிரவு அந்த இளைஞருக்குத் தூக்கம் வந்திருக்காது. மாடு இழுக்கவில்லை. குதிரை இழுக்கவில்லை. இரும்புக்குள் எது இருந்து இழுக்கிறது?

அந்த வண்டியை வாங்க வேண்டும் என்று முடிவு செய்தார். கையில் காசு இல்லை. கோயமுத்தூருக்குப் போனார். ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். எச்சில் இலை எடுக்கும் வேலையையும் இழிவாக நினைக்கவில்லை. கிடைத்த சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். முந்நூறு ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் முந்நூறு ரூபாய் என்பது ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவு!

வாங்கியவர் என்ன செய்தார்? அதில் ஏறி ஊர்வலம் போனாரா? இல்லை. முழுவதையும் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகமும் எதற்கு இருக்கிறது என்று பார்த்தார். மறுபடியும் பூட்டினார். வண்டி ஓடியது.

அந்த நாளில்தான் கலங்கல் துரைசாமி மெக்கானிக் ஆனார். அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் அந்த மோட்டார் சைக்கிள்தான்.

இரும்புக்கும் வைத்தியம் உண்டு

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த வண்டியைப் பார்க்கும் அனுபவசாலிகள், உடனே சாவியைத் திருக மாட்டார்கள். நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவரை எழுப்பி ஓடச் சொல்வது போன்றது அது!

இஞ்சினுக்குள் சிலிண்டர் என்ற உருளை இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. வண்டி சும்மா கிடந்தால் இரண்டும் துருவினால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் பிளக்கைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் எண்ணெய் விடுவார்கள். அது ஊறும்வரை பொறுத்திருந்து, பிறகு கையாலேயே இஞ்சினை மெல்லச் சுற்றிப் பார்ப்பார்கள். இறுகிக் கிடந்தால் பலம் காட்ட மாட்டார்கள். மறுபடியும் எண்ணெய் விட்டுக் காத்திருப்பார்கள்.

அடுத்தது பெட்ரோல். நாள்பட்ட பெட்ரோல் பிசின் போல ஆகிவிடும். டாங்கி, குழாய், கார்பரேட்டர் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். பிறகு பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் உள்ளே துரு ஏறும். இஞ்சின் ஓடிவிட்டது என்ற மகிழ்ச்சியில், பிரேக்கைப் பார்க்காமல் சாலைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

கழற்றிய ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் டப்பாக்களில் வரிசையாகப் போட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். பிரிப்பது எளிது. பூட்டுவதில்தான் புத்தி தெரியும்.

ஒரு பஸ் ஓர் ஊர்வலம் ஆயிற்று

நாயுடு பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். பணம் சேர்ந்தது. பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் பேரம் செய்தார். சேர்த்ததை எல்லாம் இழந்தார்.

வேறொருவராக இருந்தால் ஊர் திரும்பிக் கலப்பையைப் பிடித்திருப்பார். நாயுடு பழைய ஆசிரியரை நினைத்தார். இயந்திரத்திடமே திரும்பினார்.

கோவையில் புகழ்பெற்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் அவருக்கு உதவினார். 1920-ம் ஆண்டில் ஒரே ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். சுமார் நாற்பது மைல் தூரம். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே! முருகனைக் காணப் போகும் பக்தர்கள் அந்த வண்டியில் ஏறினார்கள்.

ஒரு பஸ் பல பஸ்கள் ஆயிற்று. யு. எம். எஸ். என்ற கம்பெனி வளர்ந்தது. அந்த பஸ்கள் குறித்த நேரத்துக்குப் புறப்படும். குறித்த நேரத்துக்கு வந்து சேரும். அதனால் மக்கள் நம்பினார்கள். நேரம் தவறாத வண்டி என்றால், பட்டறையில் ஒழுங்காகக் கவனிக்கப்பட்ட வண்டி என்று அர்த்தம். அந்த ரகசியம் நாயுடுவுக்குத் தெரியும்.

ஜெர்மனியில் தமிழரின் சவரக் கருவி

காரைப் பெற்ற ஜெர்மனிக்கு நாயுடு போனார். தொழிற்சாலைகளைக் கண்டார். பார்த்ததோடு திரும்பவில்லை. அவர் உருவாக்கிய ரேசண்ட் என்ற மின்சாரச் சவரக் கருவி ஜெர்மனியில் வெளிவந்தது. பாட்டரியில் ஓடும் சின்னஞ்சிறு மோட்டார் அதற்குள் இருந்தது.

1937-ம் ஆண்டில், பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார மோட்டார் செய்து காட்டினார். கோவை வட்டாரக் கிணறுகளிலும் ஆலைகளிலும் பிற்காலத்தில் சுழன்ற எத்தனையோ மோட்டார்களுக்கு அது முன்னோடி. மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவர் கை ஓயவில்லை. எழுபது ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ தர முடியும் என்று 1941-ம் ஆண்டில் அறிவித்தார்.

படிப்பைப் பற்றியும் அவருக்குத் தனிக் கருத்து இருந்தது. 1945-ம் ஆண்டில், அன்றைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் கோவையில் பொறியியல் கல்லூரி ஏற்பட அவர் முன்னின்றார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் வழி வந்ததே. நான்கு ஆண்டுப் படிப்பு வீண். கையால் வேலை செய்து கற்றால் இரண்டு ஆண்டே போதும் என்பது நாயுடுவின் எண்ணம். அரசாங்கம் ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

ஓடாமல் போன கார்

1952-ம் ஆண்டு. நாயுடு பெட்ரோலில் ஓடும் சிறிய கார் ஒன்றை உருவாக்கினார். இருவர் உட்காரலாம். விலை இரண்டாயிரம் ரூபாய்!

பள்ளி ஆசிரியரும் சிறு வியாபாரியும் காரில் போகும் காலம் வந்துவிடும் போல் இருந்தது. ஆனால் தொழில் தொடங்க லைசென்சு வேண்டும். அரசாங்கம் கொடுக்கவில்லை. கார் சாலைக்கு வரவில்லை.

துருப்பிடித்த இஞ்சினுக்கு எண்ணெய் விடலாம். லைசென்சு இல்லாத காருக்கு எந்த எண்ணெயை விடுவது?

வரிச் சுமையும் அவரை நெருக்கியது. மனம் கசந்த அவர், தாம் செய்த கருவிகளைப் பொதுமக்கள் கண் முன்னாலேயே உடைத்துக் காட்டினார். சிதறிக் கிடந்ததை எல்லாம் சேர்த்துப் பூட்டிய அதே கைகள், முழுதாய் இருந்ததை உடைத்தன. அது சரியா, தவறா என்று இன்றும் பேசுவோர் உண்டு. ஆனால் அந்த ஓசையில் இருந்த வேதனையை யாரும் மறுக்க முடியாது. செய்யத் தெரிந்தவனுக்கு, செய்யாதே என்று சொல்வதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

மேம்பாலமும் கண்காட்சியும்

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி. டி. நாயுடு மறைந்தார்.

கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் தொழிற்கண்காட்சி இருக்கிறது. அவர் குடும்பத்தார் அமைத்த கார் அருங்காட்சியகமும் அதே சாலையில் உள்ளது. ஜெர்மன் கார்கள் உட்படப் பல நாட்டுப் பழைய கார்கள் அங்கே புதுப் பொலிவோடு நிற்கின்றன. அதே சாலையில் பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் கட்டி, 2025-ம் ஆண்டு அக்டோபரில் திறந்தார்கள். அதற்கும் ஜி. டி. நாயுடுவின் பெயர்தான். அவருடைய இரண்டாயிரம் ரூபாய்க் கார் சாலையைக் காணவில்லை. அவர் பெயரில் அமைந்த பாலத்தின்மேல் இன்று ஆயிரமாயிரம் கார்கள் ஓடுகின்றன!

வாலிகண்டபுரத்தை ஒட்டிய பெருஞ்சாலையிலும், தமிழ்நாட்டின் எந்தச் சாலையோரத்திலும், எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஒரு பையன் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பதைக் காணலாம். பள்ளிக்கூடம் பிடிக்காமல் வந்தவனாக இருக்கலாம். அவன் எதையோ பிரித்துக்கொண்டிருப்பான்.

அவனைத் திட்ட வேண்டாம். பூட்டும்வரை பொறுத்திருந்து பார்க்கலாம்.